நெடுந்தொலைவுப் பேருந்தும் உரிமக் கட்டுப்பாடும்: பிரிட்டனின் பட்டறிவு

‘கட்டுப்பாடு நீக்கம்’ என்னும் சொல்லைச் செய்தித்தாள்களில் அடிக்கடி காண்கின்றோம். விமானத் துறையில் கட்டுப்பாடு நீக்கம், தொலைபேசித் துறையில் கட்டுப்பாடு நீக்கம், பேருந்துத் துறையில் கட்டுப்பாடு நீக்கம் என்று அச்சொல் வந்தவண்ணம் உள்ளது. அதைப் படிப்போருள் சிலர், இனி யார் வேண்டுமானாலும் எந்த ஊர்தியை வேண்டுமானாலும் சாலையில் ஓட்டலாம் போலும் என்று எண்ணிக்கொள்கின்றனர். வேறு சிலர், கட்டணம் குறையும் என்பதே அதன் முழுப் பொருள் எனக் கொள்கின்றனர். இவ்விரு கருத்தும் சரியல்ல. நெடுந்தொலைவுப் பேருந்துகளுக்கு இருந்த கட்டுப்பாட்டை 1980-ஆம் ஆண்டில் பிரிட்டன் நீக்கியது. அங்கு நடந்தவற்றை வரிசையாக எடுத்துப் பார்த்தால் இச்சொல்லின் பொருள் தெளிவாகும். அதனால் ஊதியம் பெறுவோர் யார், இழப்பவர் யார் என்பதும் விளங்கும்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்வோம். பொதுமக்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின்மீது அரசாங்கம் செலுத்தும் கட்டுப்பாடு இருவகைப்படும். பிரேக் நன்றாகப் பிடிக்கின்றதா, டயர் தேய்ந்திருக்கின்றதா, ஓட்டுநர் தகுதி பெற்றவரா, அவர் போதிய ஓய்வு எடுத்திருக்கின்றாரா, நிறுவனத்திற்குப் பேருந்தைப் பழுது பார்க்கும் வசதி உண்டா என்பனவற்றைக் கண்காணிப்பது தரக் கட்டுப்பாடு. இன்ன தடத்தில் இத்தனை பேருந்துகளே ஓடலாம், இன்ன நிறுவனமே ஓட்டலாம், இன்ன நேரத்தில் புறப்பட வேண்டும், இவ்வளவு கட்டணமே வாங்க வேண்டும் என்று வரையறுப்பது எண்ணிக்கைக் கட்டுப்பாடு. பிரிட்டன் நீக்கியது இரண்டாவதை மட்டுமே. முதலாவதை அது நீக்கவில்லை. அதே 1980-ஆம் ஆண்டுச் சட்டம், பேருந்து நடத்துபவர் நற்பெயரும் பணவசதியும் பழுதுபார்ப்பு ஏற்பாடும் உடையவராக இருத்தல் வேண்டும் என்னும் புதிய நடத்துநர் உரிமத்தைக் கொண்டுவந்தது. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டுக் கட்டுப்பாடு நீக்கத்தைப் பற்றி வாதிடுவோர் பெரும்பாலும் காற்றோடு சண்டை இடுகின்றனர்.

எண்ணிக்கைக் கட்டுப்பாடு ஏன் தோன்றியது? முதலாம் உலகப் போர் 1918-இல் முடிந்தது. படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வீரர் பலர், படைக்குத் தேவையற்றுப்போன லாரிகளை மலிவாக வாங்கி, அவற்றின்மேல் இருக்கைக் கூடுகளைப் பொருத்திப் பயணிகளை ஏற்றத் தொடங்கினர். கையில் சிறிது பணமும் ஊர்தி ஓட்டத் தெரிந்த துணிவும் இருந்தால் போதும், முதலாளி ஆகிவிடலாம். 1925-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரிஸ்டல் நகருக்கும் இலண்டனுக்கும் இடையே நாள்தோறும் ஓடும் நெடுந்தொலைவுப் பேருந்துச் சேவை ஒன்று தொடங்கியது. அதைப் பின்பற்றி வேறு பல தடங்களிலும் சேவைகள் எழுந்தன. ஒரே நிறுத்தத்தில் நிற்கும் பயணிகளைப் பிடிப்பதற்காக இரண்டு மூன்று பேருந்துகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடுவதும், கூட்டம் மிகுந்த வேளையில் மட்டும் ஓடிக் காசைப் பொறுக்கிக்கொண்டு, கூட்டமில்லாத வேளையில் காணாமற் போவதும் அந்நாளில் வழக்கமாயின. விபத்துகள் பெருகின. இவற்றையெல்லாம் ஆராய அரசாங்கம் 1928-இல் ஓர் அரச ஆணைக்குழுவை அமர்த்தியது.

அதன் பயனாகப் பிறந்ததுதான் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். நாடு பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் போக்குவரத்து ஆணையர்கள் அமர்த்தப்பட்டனர். ஊர்திக்கு ஓர் உரிமம், ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் ஓர் உரிமம், இவற்றோடு தடத்திற்கென்று தனியே ஓர் உரிமம் என்று ஏற்பாடாயிற்று. தட உரிமம் பெறுவது எளிதாக இல்லை. புதிதாகப் பேருந்து விட விரும்புபவர், அப்படியொரு சேவை மக்களுக்குத் தேவை என்று ஆணையர்முன் மெய்ப்பிக்க வேண்டும். அதே தடத்தில் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் நிறுவனம் எழுந்து மறுப்புத் தெரிவிக்கலாம். இரயில்வே நிறுவனமும் தன் வழக்கறிஞரை அனுப்பி மறுக்கலாம். இரயில்வே நிறுவனங்களோ 1928 முதலே பேருந்து நிறுவனங்களில் பங்குகளை வாங்கி வைத்திருந்தன. ஆகவே புதியவருக்கு எதிரே, பழைய பேருந்துக்காரரும் இரயில்வேயும் ஒரே பக்கத்தில் அமர்ந்திருந்த காட்சியைப் பல விசாரணைகளில் காண முடிந்தது.

இம்முறையை முற்றிலும் தீயது என்று தள்ளிவிட இயலாது. முன்னாளில் பல தோட்டங்களில் ஒரே ஒரு மளிகைக் கடை இருந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். அக்கடையில் விலை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பட்டணத்தில் அரிசி என்ன விலை, இங்கே என்ன விலை என்று மக்கள் முணுமுணுப்பதும் உண்டு. ஆனால் மழை பிடித்துக்கொண்டு வாரக் கணக்கில் மரம் வெட்டு இல்லாமற் போனபோது, கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு கடனுக்கு அரிசி கொடுத்ததும் அதே கடைதான். தனியுரிமை பெற்றவர்மீது ஒரு கடமையும் ஏற்றப்பட்டிருந்தது. பேருந்து உரிமமும் அப்படியே. கூட்டம் நிறைந்த தடத்தைத் தனக்கென்று பெற்ற நிறுவனம், அந்த வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டு, ஆள் குறைந்த சிற்றூர்த் தடத்தையும் ஓட்டியது. கொழுத்த தடம் மெலிந்த தடத்தைத் தாங்கியது.

இந்த ஏற்பாடு 50 ஆண்டுகள் நீடித்தது. 1969-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இருந்த பெரிய பேருந்து நிறுவனங்கள் பல, தேசியப் பேருந்து நிறுவனம் என்னும் அரசாங்க அமைப்பின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அவற்றின் நெடுந்தொலைவுச் சேவைகள் 1970-களில் ‘நேஷனல் எக்ஸ்பிரஸ்’ என்னும் ஒரே பெயரைப் பெற்று, வெள்ளை வண்ணம் பூசிக்கொண்டு ஓடின.

1979-ஆம் ஆண்டு மே மாதம் திருமதி மார்கரெட் தாட்சர் தலைமையில் புதிய அரசாங்கம் அமைந்தது. போக்குவரத்து அமைச்சர் நார்மன் ஃபவ்லர் அடுத்த ஆண்டே புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி 1980 அக்டோபர் 6-ஆம் நாள் முதல், ஒவ்வொரு பயணியையும் குறைந்தது 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர், ஏற்றிச் செல்லும் விரைவுப் பேருந்துக்குத் தட உரிமம் தேவையில்லை என்றாயிற்று. எங்கிருந்து எங்குச் செல்வது, எத்தனை முறை செல்வது, என்ன கட்டணம் வாங்குவது என்பனவற்றை நடத்துபவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அன்றே போட்டி தொடங்கிவிட்டது. ஷியரிங்ஸ், வாலஸ் ஆர்னல்டு, கிரே-கிரீன் முதலிய தனியார் சுற்றுலாப் பேருந்து நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து ‘பிரிட்டிஷ் கோச்வேஸ்’ என்னும் கூட்டணியை அமைத்து, இலண்டனையும் பிற பெருநகரங்களையும் இணைத்துக் குறைந்த கட்டணத்தில் பேருந்துகளை விட்டன. நேஷனல் எக்ஸ்பிரஸும் வாளாவிருக்கவில்லை. தானும் கட்டணத்தைக் குறைத்தது. சில தடங்களில் கட்டணம் பாதியாயிற்று. மாணவரும் முதியவரும் குறைந்த வருவாய்க் குடும்பத்தினரும் பெருமளவில் பேருந்துக்கு வந்தனர். இருக்கைக்குச் சிற்றுண்டி கொண்டுவந்து தரும் பணிப்பெண், கழிவறை, திரைப்படம் ஆகியவற்றோடு கூடிய புதுவகைப் பேருந்துகளும் அக்காலத்தில் அறிமுகமாயின. பயணியின் பக்கம் நின்று பார்க்கும்போது, இதனைப் பெரிய நன்மை என்றே சொல்ல வேண்டும். 50 ஆண்டுகள் உரிமம் பெற்றவர் செய்யாத மாற்றங்களைப் போட்டி ஒரே ஆண்டில் செய்துவிட்டது.

அதே அக்டோபரில் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் இன்னொரு சிறு முயற்சியும் தொடங்கியது. பிரயன் சூட்டர் என்பவரும் அவருடைய தமக்கையார் ஆன் குளோக் என்பவரும் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் பிள்ளைகள். தந்தையார் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டபோது பெற்ற இழப்பீட்டுப் பணம் அவர்களுக்கு முதலாக அமைந்தது. பழைய பேருந்துகளைக் கொண்டு டண்டீ நகரிலிருந்து இலண்டனுக்கு இரவுச் சேவை ஒன்றை நடத்தினர். பயணிகளுக்கு ரொட்டியும் தேநீரும் கொடுத்து ஆதரவு தேடினர். ‘ஸ்டேஜ்கோச்’ என்னும் அந்நிறுவனம் பின்னாளில் பிரிட்டனின் மிகப் பெரிய பேருந்து நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. பழைய சட்டம் இருந்திருந்தால், அவர்கள் விசாரணை மண்டபத்தைத் தாண்டி வந்திருப்பார்களா என்பது ஐயமே.

ஆனால் பிரிட்டிஷ் கோச்வேஸ் மூன்று ஆண்டுகள்கூட நிலைக்கவில்லை. உறுப்பு நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளக் கூட்டணி கலைந்தது. அனுபவமிக்க நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்தும் ஏன் தோற்றன?

இதற்கு விடை காண ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேருந்து ஒருமுறை சென்றுவர 400 வெள்ளி செலவாகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 பேர் ஏறினாலும் 40 பேர் ஏறினாலும் ஓட்டுநரின் சம்பளம் ஒன்றே. டீசலும் ஏறத்தாழ ஒன்றே. ஆளுக்கு 20 வெள்ளி கட்டணத்தில் 20 பேர் ஏறினால் செலவு ஈடாகும். கட்டணத்தை 10 வெள்ளியாகக் குறைத்து 40 பேர் ஏறினாலும் ஈடாகும். அதுவரையில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. இப்பொழுது போட்டியாளர் ஒருவர் அதே நேரத்தில் அதே தடத்தில் 10 வெள்ளிக்கே இன்னொரு பேருந்தை விடுகின்றார். அந்த 40 பேரும் இரண்டாகப் பிரிகின்றனர். ஒவ்வொரு பேருந்துக்கும் வருவாய் 200 வெள்ளி; நட்டமும் 200 வெள்ளி. இந்த நட்டத்தை யார் நீண்ட காலம் தாங்குகின்றாரோ அவரே எஞ்சுவார். நல்ல பேருந்தை ஓட்டுபவரே எஞ்சுவார் என்பதற்கு உறுதியில்லை. நேஷனல் எக்ஸ்பிரஸ் நாடெங்கும் தடங்களைக் கொண்டிருந்தது. ஓரிடத்து நட்டத்தை மற்றோரிடத்து வருவாயால் ஈடுகட்ட அதனால் முடிந்தது. புதியவர்களோ சில தடங்களிலேயே முழுப் பலத்தையும் வைத்திருந்தனர்.

இரண்டாவது காரணம் இன்னும் கவனிக்கத்தக்கது. இலண்டனில் நெடுந்தொலைவுப் பேருந்துகளின் தலைமை நிலையம் விக்டோரியா. 1932-இல் திறக்கப்பட்ட அந்நிலையத்தை அறியாத பயணி இல்லை. அந்நிலையம் 1980-இல் நேஷனல் எக்ஸ்பிரஸைச் சேர்ந்த தரப்பின் கையில் இருந்தது. புதிய கூட்டணிக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. வேறோர் இடத்தில் பேருந்துகளை நிறுத்தி, “எங்களிடமும் வாருங்கள்” என்று பயணிகளை அழைக்க வேண்டிய நிலை. வெளியூரிலிருந்து வந்து விக்டோரியாவில் இறங்கும் ஒருவர், அடுத்த பேருந்தையும் அங்கேயே பிடிப்பாரா, அல்லது மூட்டை முடிச்சுகளைச் சுமந்துகொண்டு நகரின் மறுபக்கம் போவாரா? சட்டம் சாலையைத் திறந்துவிட்டது, நிலையத்தைத் திறக்கவில்லை. பயணச்சீட்டு விற்கும் முகவர் கடைகளும், நாடு முழுமைக்குமான கால அட்டவணையும் பழைய நிறுவனத்திடமே இருந்தன. விக்டோரியா நிலையம் இலண்டன் போக்குவரத்து அமைப்பின் கைக்கு மாறியது 1988-ஆம் ஆண்டில்தான். அதற்குள் முதற்கட்டப் போட்டி முடிந்துவிட்டிருந்தது.

போட்டியாளர் விலகிய பின்னர் கட்டணம் மீண்டும் ஏறத் தொடங்கியது. இருந்தாலும், பெருநகரங்களுக்கிடையே அது பழைய உயரத்தை எட்டவில்லை என்பதை நடுநிலையோடு சொல்ல வேண்டும். மீண்டும் ஒருவர் போட்டிக்கு வரக்கூடும் என்னும் அச்சமே ஓரளவு கடிவாளமாக அமைந்தது எனலாம். 2003-ஆம் ஆண்டில் அதே ஸ்டேஜ்கோச் நிறுவனம் ‘மெகாபஸ்’ என்னும் பெயரில், முன்னதாகப் பதிவு செய்வோருக்கு ஒரு பவுன் கட்டணத்தில் இருக்கை தந்து மறுபடியும் களத்தில் இறங்கியது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இலண்டனுக்கும் இடையே 1987-இல் தொடங்கிய போட்டி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. இரு நிறுவனங்கள் 30 ஆண்டுகளுக்கும் மேலாக மோதிக்கொண்டதில், இரவு பகல் எந்நேரமும் பேருந்து கிடைக்கும் தடமாக அது மாறியது. அவற்றுள் ஒன்று 2020 சனவரியில் தன் சேவையை நிறுத்திக்கொண்டது.

இதுவரை பெருநகரப் பயணியின் கதையைப் பார்த்தோம். இரு நகரங்களுக்கும் நடுவில், சாலையோரச் சிற்றூரில் நிற்பவரின் கதை வேறு. நம் வாசகர் பலருக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. தோட்டச் சந்தியில் பேருந்துக்குக் காத்து நின்று, தொலைவில் தெரியும் வண்டி நிற்குமா நிற்காதா என்று கையை நீட்டிப் பார்த்தவர்களுக்கு, விரைவுப் பேருந்து என்பது தன்னை விட்டுவிட்டு விரைந்து செல்லும் பேருந்து என்பது நன்கு தெரியும்.

பிரிட்டனின் மேற்கே செல்டன்ஹாம் என்னும் ஊர் இருக்கின்றது. 1934 முதல் பல நிறுவனங்களின் நெடுந்தொலைவுப் பேருந்துகள் அங்கு வந்து கூடின. நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் பேருந்துகள் நண்பகலுக்குப் பின் அங்கே வரிசையாக நிற்கும். பயணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவர். பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாப் பேருந்துகளும் ஒரே வேளையில் புறப்படும். அக்காட்சியைக் காண்பதற்கென்றே மக்கள் வருவார்களாம். வழியிலிருந்த சிற்றூரில் ஏறியவரும், ஒருமுறை மாறி நாட்டின் மறுகோடியிலுள்ள இன்னொரு சிற்றூருக்குச் செல்ல அந்த ஏற்பாடு வழிசெய்தது. விரைவுச்சாலைகள் வந்தபின் அதன் சிறப்பு குறையத் தொடங்கியது. 1980-க்குப் பிறகு போட்டி முழுவதும் பெருநகரிலிருந்து பெருநகருக்கு நேரே விரையும் சேவைகளில் குவிந்தது. வழியில் இறங்கி ஏறினால் அரைமணி நேரம் வீணாகும், போட்டியாளர் முந்திக்கொள்வார். ஆகவே நடுவழி நிறுத்தங்கள் கைவிடப்பட்டன. மாறிச் செல்லும் மையம் என்னும் நிலையைச் செல்டன்ஹாம் அந்த ஆண்டுகளில் இழந்தது. சிறு தடங்களில் சேவையின் எண்ணிக்கை குறைந்தது. கட்டணமும் பெருநகரத் தடங்களைப்போல் இறங்கவில்லை.

இதில் யாரையும் கெட்டவர் என்று சுட்டுவதற்கில்லை. முன்பு சொன்னோமே, கொழுத்த தடம் மெலிந்ததைத் தாங்கியது என்று. கொழுத்த தடத்தில் கட்டணம் பாதியானபின் தாங்குவதற்கு அங்கே சதை ஏது? சிற்றூர்ச் சேவை வேண்டுமென்றால் அதற்குரிய பணத்தை ஊராட்சியோ அரசாங்கமோ வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். முன்பு அப்பணத்தைப் பெருநகரப் பயணி தன்னை அறியாமலேயே கொடுத்துக்கொண்டிருந்தார். அவருடைய சுமை இறங்கியது. அச்சுமையை அடுத்து யார் சுமப்பது என்பதற்கு 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடை இல்லை. இச்சட்டத்தின் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

தொழிலாளரின் ஊதியத்தையும் இங்கே கருத வேண்டும். இதற்கு அமெரிக்காவின் கதை பொருத்தமானது. பிரிட்டனுக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 1982 செப்டம்பரில், அமெரிக்காவும் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் பேருந்துகளின்மீதிருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. அந்நாட்டின் மிகப் பெரிய பேருந்து நிறுவனமான கிரேஹவுண்டு, மலிவு விமானக் கட்டணங்களோடும் குறைந்த சம்பளம் கொடுக்கும் சிறு பேருந்து நிறுவனங்களோடும் போட்டியிட முடியவில்லை என்று கூறி, 1983-இல் தன் தொழிலாளரின் சம்பளத்தைக் குறைக்க முற்பட்டது. 12,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர் ஏறத்தாழ ஏழு வாரம் வேலை நிறுத்தம் செய்தனர். முடிவில் 7.8 விழுக்காட்டுச் சம்பளக் குறைப்புக்கு இணங்கித் திரும்பினர். பயணி மிச்சப்படுத்திய காசு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அதில் ஒரு பங்கு ஓட்டுநரின் சம்பள உறையிலிருந்து வந்தது. அந்நாட்டில் பேருந்து வசதி பெற்றிருந்த ஊர்களின் எண்ணிக்கையும் அடுத்த பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. சொந்தக் கார் பெருகியதும் அதற்கொரு காரணம் என்பதை மறக்கலாகாது.

பிரிட்டன் 1980-இல் செய்ததை ஜெர்மனி 2013-இல்தான் செய்தது. அங்கு 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இரயில்வேயைக் காத்து வந்தது. இரயில் ஓடும் வழியில் நெடுந்தொலைவுப் பேருந்து ஓட்ட அனுமதி கிடைப்பது அரிது. நாடு பிரிந்திருந்த காலத்தில் மேற்குப் பெர்லினுக்குச் செல்லும் பேருந்துகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 2013 சனவரி முதல் நாள் அத்தடை நீங்கியது. ஆனால் 50 கிலோமீட்டருக்குக் குறைந்த தொலைவில் பயணியை ஏற்றி இறக்கக் கூடாது என்று விதி செய்தனர். அரசாங்கப் பணத்தில் ஓடும் வட்டார இரயிலையும் பேருந்தையும் காப்பதற்கான விதி அது. அவ்வகையில் பிரிட்டனின் படிப்பினையை ஜெர்மானியர் ஓரளவு பயன்படுத்திக்கொண்டனர் எனலாம்.

முதல் மூன்று ஆண்டுகள் அங்கும் திருவிழாதான். பல நிறுவனங்கள் தோன்றின. அஞ்சல் நிறுவனமும் பேருந்து விட்டது. இரயில்வேயும் தன் பேருந்துகளை விட்டது. கட்டணம் மிகவும் சரிந்தது. ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கும் மேற்பட்டோர் பயணம் செய்யும் அளவுக்கு அத்தொழில் வளர்ந்தது. பின்னர் முன்பு போட்ட கணக்கு வேலை செய்யத் தொடங்கியது. 2015-இல் முதல் இரு நிறுவனங்கள் ஒன்றாயின. 2016-இல் அஞ்சல் நிறுவனம் தன் பேருந்துத் தொழிலை அந்த ஒன்றிடமே விற்றது. இரயில்வேயின் பேருந்துப் பிரிவு மூடப்பட்டது. ‘ஃபிளிக்ஸ்பஸ்’ என்னும் அந்த நிறுவனத்தின் கையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட தொழில் வந்து சேர்ந்தது. வியப்பு என்னவென்றால், அதன் பச்சைநிறப் பேருந்துகளுள் பெரும்பாலானவை அதற்குச் சொந்தமானவையல்ல. சிறு நிறுவனங்கள் பேருந்தை வாங்கி, ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுத்து ஓட்டுகின்றன. பெயர், கால அட்டவணை, பயணச்சீட்டு விற்பனை ஆகியவை மட்டும் ஃபிளிக்ஸ்பஸ் கையில். 1980-இல் விக்டோரியா நிலையம் எதுவோ, இன்று கைத்தொலைபேசியில் சீட்டு விற்கும் அந்த ஏற்பாடு அதுவே. கிரேஹவுண்டு நிறுவனத்தையும் 2021-இல் ஃபிளிக்ஸ்பஸ்ஸின் தாய் நிறுவனமே வாங்கிக்கொண்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பேருந்துக்குத் தட உரிமம் வழங்கும் முறை நமக்குப் பிரிட்டிஷ் ஆட்சியின் வழியே வந்த மரபு. தீபகற்பத்தில் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வணிக ஊர்தி உரிம வாரியம் அப்பணியைச் செய்தது. 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தால் அப்பணி ஓர் ஆணையத்திற்கு மாறியது. 2019 முதல் ‘அப்பாட்’ எனப்படும் அமைப்பு அதனைச் செய்துவருகின்றது. பிரிட்டனைப்போல் நாம் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை ஒரே நாளில் விலக்கிவிடவில்லை. விக்டோரியாவில் எழுந்த சிக்கலுக்கு நம்மிடம் ஒரு விடையும் உண்டு. 2011-இல் கோலாலம்பூரில் திறக்கப்பட்ட தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில், பல நிறுவனங்களின் பேருந்துகளுக்கும் ஒரே முகப்பில் சீட்டு வாங்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. பெரிய நிறுவனமும் சிறிய நிறுவனமும் ஒரே பலகையில் தோன்றும்.

எனினும் தரக் கட்டுப்பாட்டைப் பற்றி நாம் நெஞ்சில் கைவைத்துப் பேச வேண்டியுள்ளது. 2025 ஜூன் 9-ஆம் நாள் கிரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் வாடகைப் பேருந்து ஒன்று விபத்துக்குள்ளாகி, சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மாணவர் 15 பேர் உயிரிழந்தனர். உரிமம் பெற்ற நிறுவனம் அதனை வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது பின்னர் தெரியவந்தது. உரிமமும் இரத்துச் செய்யப்பட்டது. உரிமத்தை வாடகைக்கு விடும் இடத்தில், பேருந்தைப் பழுது பார்க்கும் பொறுப்பு யாருடையது என்பதே மங்கிவிடுகின்றது. பிரிட்டன் 1980-இல் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நீக்கியபோது, நடத்துபவரின் தகுதியைச் சோதிக்கும் உரிமத்தை அதே சட்டத்தில் சேர்த்ததன் காரணம் இங்கே நன்கு புரியும்.

நம் பேருந்துகளின் பக்கவாட்டில் அவற்றின் வகையை எழுதியிருப்பதைக் காணலாம். ‘பாஸ் எக்ஸ்பிரஸ்’ என்றிருந்தால் அது நெடுந்தொலைவு விரைவுப் பேருந்து. ‘பாஸ் பெர்சியாரான்’ என்றிருந்தால் சுற்றுலாப் பேருந்து. நிறுவனத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கும். கோயில் திருவிழாவுக்கோ திருமணத்திற்கோ தோட்டத்து மக்கள் சேர்ந்து பேருந்து ஒன்றை வாடகைக்கு அமர்த்தும்போது, பணம் வாங்கியவரின் பெயரும் பேருந்தில் எழுதியுள்ள பெயரும் ஒன்றா என்று பார்ப்பது நலம். வேறு வேறாக இருந்தால் காரணத்தைக் கேட்கலாம். கேட்பதற்குப் பயணிக்கு முழு உரிமை உண்டு.